சரிவு முடியும் இடம்

பொக்லைன் ஓட்டுகிறவர்களில் பெரியதம்பிக்குத் தனிப் பேர் இருந்தது. சூளகிரியிலிருந்து குருபரப்பள்ளி வரை நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கே புதுக் கம்பெனி எழும்பினாலும், தண்ணீர்க் குழாயோ கேபிளோ புதைந்திருக்கும் இடம் வந்துவிட்டால் மேஸ்திரிகள் மற்ற டிரைவர்களை இறக்கிவிட்டு அவனை ஏற்றுவார்கள். பக்கெட்டை ஓரிடத்தில் நிறுத்தி, "இனிமே மம்பட்டிதான்" என்பான். ஆட்கள் இறங்கித் தோண்டினால் ஒரு சாணில் குழாய் தட்டுப்படும். மண்ணுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது கைப்பிடியின் அதிர்வில் அவனுக்குத் தெரிந்தது.

அவன் அப்பா வெங்கடப்பன் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் மண்வெட்டி பிடித்தவர். மகன் பத்தொன்பது வயதில் கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரிக்குப் போய், கிளீனராக இருந்து, டிரைவர் சாப்பிடப் போகும் நேரத்தில் ஏறி உட்கார்ந்து வண்டி கற்றுக்கொண்டான். நாற்பது வயதில் சூளகிரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை ஓட்டு வீடு, மனைவி மாதேஸ்வரி, ஏழாவது படிக்கும் மகள் பிரியதர்ஷினி. மாதேஸ்வரி ஓசூர்ப் பக்கம் வண்டிகளுக்கு ஒயர் பின்னும் கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை.

தொட்டேரியில் மண் எடுக்கும் வேலை அந்த நேரத்தில்தான் வந்தது. ஏரி வறண்டு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. புதிதாக வரும் தொழிற்பேட்டையில் பள்ளமான மனைகளை நிரப்ப லாரி லாரியாக மண் வேண்டும். ஆனந்தராஜ் என்கிற காண்ட்ராக்டர் ஏரியைத் தூர்வார அனுமதி வாங்கியிருந்தான். அனுமதிக் காகிதத்தில் மூன்று அடி என்று இருந்தது. மூன்று அடி முதல் கோடையிலேயே முடிந்தது. வண்டல் போய், இறுகிய சரளை மண்ணான முரம்பு வந்தது. மனையை மேடாக்க முரம்புதான் உசத்தி. "இன்னும் போ" என்றான் ஆனந்தராஜ். அடுத்த கோடையிலும் "இன்னும் போ". மூன்றாவது கோடையில் ஏரியின் கிழக்குப் பக்கம், ஒரு வீட்டுக்கு மேல் இன்னொரு வீடு வைத்தாலும் வெளியே தெரியாத ஆழத்துக்குக் குழி இறங்கியிருந்தது.

மண் ஏற்றிய டிப்பர்கள் மேலே வர வேண்டுமே. கரையிலிருந்து குழிக்குள் நீளமாக, திணறாமல் ஏறும்படி ஒரு சரிவுப் பாதை போட்டதும் பெரியதம்பிதான். லாரி ஏறி இறங்கி அது சிமெண்டுத் தளம் மாதிரி இறுகிப்போனது. வேலை முடியும் வாரத்தில் ஆனந்தராஜ் அந்தச் சரிவையும் விடவில்லை. அடியில் இருக்கிற மண் வீணாவானேன் என்று, மேலே ஏறிக்கொண்டே பின்னால் வெட்டிக்கொண்டு வரச் சொன்னான். பாதிச் சரிவு போய்விட்டது. மீதிப் பாதி, நடுவழியில் சுவர் வெட்டியதுபோல் செங்குத்தாக நின்றது.

"நாளைக்கு அரை நாள் குடுங்க. அந்த மொனைய சரிச்சு வுட்டுட்டு வந்துர்றன்" என்றான் பெரியதம்பி.

"காலையில வண்டி போச்சம்பள்ளி சைட்ல நிக்கணும்ப்பா. ஏரியில யாரு வீடா கட்டப் போறாங்க?"

மறுநாள் காலையில் வண்டி போச்சம்பள்ளியில் நின்றது. பெரியதம்பியும்தான்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வருடமும். தொட்டேரி நிரம்பியது. தக்காளித் தோட்டக்காரர்கள் கிடா வெட்டினார்கள். குழி இருந்த சுவடே இல்லை. தெரிந்ததெல்லாம் கிழக்குக் கரையில், செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்த பரந்த சரிவும் அதன்மேல் மெதுவாக வந்து மோதும் தெளிந்த தண்ணீரும்தான். எதிரே மேற்கில் மலைகள். சாயங்காலம் சூரியன் அந்த மலைகளுக்கு நடுவே இறங்கும்போது, மொத்த ஏரியும் காய்ச்சிய வெல்லப்பாகு நிறத்துக்கு மாறும். பெங்களூரிலிருந்து பைக்கில் வந்த யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். ஆறு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கார் நிறுத்த இடமில்லாமல் போனது. மசால் பொரி வண்டி, சோளம் சுடும் வண்டி, பலூன் சுடும் பலகை எல்லாம் வந்தன. ஓசூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு அது வாரத்தின் ஒரே வெளிக்காற்று. குடிகாரர்கள் தொல்லை இல்லை. கரையில் குழந்தைகளை விட்டுவிட்டு உட்காரலாம். தண்ணீரும் எடுத்ததும் ஆழமாவதில்லை, பத்திருபது எட்டு போனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். 'மினி பீச்' என்று பெயரே வந்துவிட்டது.

மாதேஸ்வரி ஒரு ஞாயிறு அடம் பிடித்தாள். "ஊர் ஒலகமே வந்து பாக்குது. பக்கத்துல இருந்துக்கிட்டு நாம பாக்கல. கெளம்புங்க."

அவன் போனான். கரையில் துண்டு விரித்து உட்கார்ந்தான். பிரியதர்ஷினி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். கணுக்கால், முழங்கால். ஒவ்வொரு அடியையும் அவன் எண்ணினான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் எழுந்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் தள்ளினான். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண் அழுதுகொண்டே போய்க் பைக்கோரமாக நின்றாள்.

"என்னாங்க இது? அங்க சின்னச் சின்னக் கொழந்தைங்களே ஆடுது" என்றாள் மாதேஸ்வரி.

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இன்னும் பத்து எட்டு வெச்சா தரை கெடையாது. சுவர் மாதிரி கீழ எறங்கும். ரெண்டு வீட்டு ஆழம்னு வெச்சுக்க. நான் வெட்டுனது."

மாதேஸ்வரி ஏரியைப் பார்த்தாள். தண்ணீரில் நின்று ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்துக்கொண்டிருந்த ஐம்பது அறுபது பேரைப் பார்த்தாள். "அப்ப இவங்க கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

அவன் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சொன்னான். "அந்தாண்ட போவாதீங்க சார், பெரிய பள்ளம் இருக்குது." அவர் சிரித்துக்கொண்டே, "நாங்க வாராவாரம் வர்றோம்ங்க" என்றார். இன்னொருவரிடம் சொன்னான். அந்த ஆள் அவன் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தான். மூன்றாவது ஆளிடம் அவன் சொல்லவில்லை.

மறுநாள் ஆனந்தராஜ் வீட்டுக்குப் போனான். ஒரு பலகையாவது வைக்கலாம், கம்பி வேலி போட்டால் இன்னும் நல்லது என்றான். ஆனந்தராஜுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும். "சும்னே இரப்பா! பலகை வெச்சா யாரு வெட்டுனதுன்னு கேப்பாங்க. மூணு அடிக்குத்தான் காகிதம். வண்டியில உக்காந்து வெட்டுனது யாரு? நானா? உன் பேரும்தான் வரும். பொண்ண படிக்க வெக்கணுமா வேணாவா?"

அதற்கு அடுத்த வாரம் பெரியதம்பி கிராம அலுவலகத்துக்குப் போனான். அலுவலர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் முக்கால் மணி நேரம் நின்றான். என்ன எழுதிக் கொடுப்பது, கீழே யார் கையெழுத்துப் போடுவது என்று யோசித்தபடியே நின்றான். அலுவலரின் பைக் தெருமுனையில் திரும்புவது தெரிந்ததும் தன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நான்கு சவுக்குக் கட்டைகளைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் நட்டுக் கயிறு கட்டினான். பத்து நாளில் கயிற்றை யாரோ ஆடு கட்ட அவிழ்த்துப் போனார்கள். கட்டைகளை அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். அதோடு விட்டுவிட்டான். ஒரு கோடை போனது, ஒரு மழை போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதே நாளாக நாளாக அவனுக்கு ஒரு தைரியமாகிவிட்டது. ஒருவேளை முனை தானாகச் சரிந்திருக்கும், வண்டல் வந்து அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வான். அப்படி ஆகியிருக்காது என்பது முரம்பு தெரிந்த அவன் கைகளுக்குத் தெரியும்.

காணும் பொங்கலன்று சாயங்காலம் நாலரைக்குப் பாப்பம்மா போன் செய்தாள். அவன் ஊர்க்காரி, கரையில் மசால் பொரி விற்பவள்.

"பெரியதம்பி, ஏரியில ரெண்டு பேர் பூட்டாங்கப்பா. ஒரு ஆளும் அவரு பொண்ணும். ஆறு வயசு கொழந்தப்பா. நீ அன்னிக்குக் கட்டை நட்டியே, அதே எடம்."

அவன் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கக் கூட்டம். தீயணைப்பு வண்டி வந்திருந்தது. வீரர்கள் ரப்பர் படகில் ஏரியின் நடுப்பக்கம் கொக்கி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். காற்று மேற்கே அடிக்கிறது, இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கரையோரம் ஒரு பெண் முழங்காலிட்டிருந்தாள். அவள் மடியில் குழந்தையின் செருப்பு இருந்தது. பெயர் நிர்மலா. தேனிப் பக்கத்து ஊர். கணவன் பாலாஜி ஓசூரில் பேரிங் கம்பெனியில் சூப்பர்வைசர். ஊருக்குப் போக லீவு கிடைக்காததால் பொங்கலுக்கு இங்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். குழந்தை யாழினி தண்ணீரில் பந்து போட்டு விளையாடிக்கொண்டிருந்தது. பந்து நகர்ந்தது, குழந்தை எட்டு வைத்தது, அவ்வளவுதான். அலறல்கூட இல்லை. பாலாஜி ஓடினான். அவன் இடுப்பளவில் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த எட்டில் அவன் இல்லை. நீச்சல் தெரியாதவன்.

பெரியதம்பி சட்டையைக் கழற்றினான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகைப் பார்த்துக் கத்தினான். "சார், அங்க இல்ல! இங்க வாங்க! இழுத்துக்கிட்டுப் போவாது, நேரா கீழதான் எறங்கியிருப்பாங்க. இந்த முனையிலருந்து வடக்கால மூலையில ஒரு பாறை இருக்குது. அதுக்கும் சுவத்துக்கும் நடுவுல பாருங்க."

படகில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் காத்திருக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு முனையிலிருந்து கீழே இறங்கினான். வெளிச்சம் சீக்கிரமே தீர்ந்துபோனது. கை சுவரைத் தடவிக்கொண்டே போனது. பக்கெட்டின் பற்கள் வரிவரியாகப் போட்ட கோடுகள் சுவரில் அப்படியே இருந்தன. மழை மூன்று, வருடம் மூன்று, ஒன்றும் கரையவில்லை. இரண்டாம் முறை இறங்கியபோது விரலில் துணி பட்டது.

தீயணைப்பு வீரர்கள் கொக்கியும் கயிறுமாக வந்து இருவரையும் மேலே கொண்டுவந்தார்கள். அப்பன் கையில் குழந்தையின் சட்டை சுருண்டிருந்தது. அதைப் பிரித்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எதிரே சூரியன் மலைகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் சிலர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். பாப்பம்மா அவர்கள் கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே போனாள்.

நிர்மலா அழவில்லை. மகளின் காலில் செருப்பை மாட்டிவிட முயன்றாள். ஊறிய கால் செருப்புக்குள் போகவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டுப் பெரியதம்பியைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரமா யாருக்கும் தெரியலண்ணே. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

நீச்சல்காரன் என்று சொல்லியிருக்கலாம். ஊர்க்காரன், ஏரி பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். தீயணைப்பு அதிகாரி சற்று முன்புதான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்.

"நான்தாம்மா வெட்டுனன்" என்றான் பெரியதம்பி.

அவளுக்குப் புரியவில்லை. அவன் மறுபடி சொன்னான். "இந்தக் குழி. நான்தான் பொக்லைன் வெச்சு வெட்டுனன். முனையச் சரிக்காம வுட்டுட்டுப் போனன்."

முதல் அடி யாருடையது என்று அவன் பார்க்கவில்லை. பிறகு நிறைய விழுந்தது. காவலர் ஒருவர் நடுவே புகுந்து இழுத்து ஜீப்பில் ஏற்றினார். காதிலிருந்து இரத்தம் வழிந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். ஆனந்தராஜ் பெயரையும் சொன்னான். ஆனந்தராஜ் வக்கீலோடு வந்தான். மூன்றடிக்கு வாங்கிய அனுமதி, மூன்றடிதான் எடுத்தோம் என்று டிரைவரே கையெழுத்துப் போட்ட தினசரிச் சீட்டுகள், எல்லாம் ஒழுங்காக அவன் பையில் இருந்தன. அந்தச் சீட்டுகளில் பெரியதம்பி கையெழுத்துப் போட்டது உண்மைதான். டிபன் பெட்டி மூடிமேல் வைத்து, படிக்காமல் போட்டது. "மிச்சம் அவனா ராத்திரி பகலா வெட்டி வித்திருக்கான் சார், எனக்கே இப்பதான் தெரியுது" என்றான் ஆனந்தராஜ். அவன் வீட்டுக்குப் போனான். பெரியதம்பி கிளைச் சிறையில் இருபத்து மூன்று நாள் இருந்தான்.

வெளியே வந்தபோது வேலை இல்லை. கேஸ் உள்ள ஆளை எந்த சைட்டிலும் ஏற்றுவதில்லை. ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். பிரியதர்ஷினியிடம் பள்ளிக்கூடத்தில், "உங்கப்பாதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பரீட்சை மட்டும் எழுதிவிட்டு பெங்களூரில் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். பக்கத்தில் அவன் இருக்கிறான் என்று தெரிந்தால், "அப்புறம் பேசறம்மா" என்று வைத்துவிடுவாள்.

ஒரு வாய்தாவில் கோர்ட் வராந்தாவில் நிர்மலாவைப் பார்த்தான். சாட்சி சொல்லத் தேனியிலிருந்து அண்ணனோடு வந்திருந்தாள். பெரியதம்பி எழுந்து நின்றான். கும்பிடக் கை எழும்பி, பாதியில் நின்றுவிட்டது. அவளே அருகில் வந்தாள்.

"அன்னிக்கு நீங்க எறங்கலேன்னா விடிய விடிய அங்ஙன உக்காந்திருந்திருப்பேன். அது எனக்குத் தெரியும்" என்றாள். "முன்னாடியே நீங்க யார்ட்டயாச்சும் எழுதிக் குடுத்திருந்தா நாங்க அங்க வந்திருக்கவே மாட்டோம். அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்க என்னால முடியலண்ணே."

அவன் தலையாட்டினான். அவள் போய்ப் பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கரையில் இரண்டு மாதம் ஆள் இல்லை. மூன்றாவது மாதம் பலகை ஒன்று வந்தது: 'ஆழமான பகுதி'. கோடை விடுமுறையில் கூட்டமும் வந்துவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நடந்தது தெரியாது. தெரிந்தவர்கள், அது அந்தக் குழந்தையின் அப்பன் கவனக்குறைவு என்றார்கள். ஆஞ்சப்பன் என்கிற வண்டிக்காரரிடம் போய்ப் பெரியதம்பி, பொக்லைனைக் கொஞ்ச நேரம் தந்தால் தானே ஓட்டி முனையைச் சரித்துவிடுவதாகக் கேட்டான். ஆஞ்சப்பன் நல்ல மனிதர். "கேஸ் முடியற வரைக்கும் ஏரியில யாரும் மண்வெட்டிகூட வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா. அது சாட்சிப் பொருளாம். நான் என்னா பண்ணட்டும்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நிற்கத் தொடங்கினான். சாயங்காலம் நான்கு மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவான். இடுப்பளவில், தரை முடியும் இடத்துக்கு ஒரு எட்டு முன்னால், ஏரிக்கு முதுகைக் காட்டிக் கரையைப் பார்த்து நிற்பான். யாராவது நெருங்கினால் கையை நீட்டுவான். "இதுக்கு மேல வேணாங்க." அவ்வளவுதான் பேச்சு. நீளமாகச் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்பது தெரிந்துபோயிருந்தது. ஆனால் ஒரு ஆள் தண்ணீரில் மரம் மாதிரி நின்றால் அதைத் தாண்டிப் போகப் பெரும்பாலானவர்கள் தயங்கினார்கள். குழந்தைகள் பயந்து திரும்பின. சிலர் பைத்தியம் என்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். அதுவும் அவனுக்குச் சரிதான்.

கல்யாணம் ஆகப் போகும் ஜோடி ஒன்றைப் படம் பிடிக்க வந்த கேமராக்காரன் ஒருநாள் கரையிலிருந்து கையை ஆட்டினான். "அண்ணா, கொஞ்சம் நவுருங்க. சூரியனுக்கு நேரா நிக்கிறீங்க." பெரியதம்பி நகரவில்லை. "அண்ணா, அஞ்சு நிமிஷம். சூரியன் போய்டும்." கேட்காத காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அவர்கள் திட்டிவிட்டு வேறு இடத்துக்குப் போனார்கள்.

மணிக்கணக்கில் நின்று நின்று தொடையிலும் முழங்காலிலும் சொறி வந்து புண்ணானது. கம்பெனிகளின் கழிவு கலந்த வாய்க்கால் ஒன்று வடக்கே ஏரியில் வந்து விழுகிறது என்று டாக்டர் சொன்னார், இனி இறங்கக் கூடாது என்றும் சொன்னார். மாதேஸ்வரி களிம்பு தடவிவிடும்போது கேட்டாள்.

"எத்தனை நாளைக்குங்க?"

"கேஸ் முடியட்டும்."

"கேஸ் முடிஞ்சா உங்கள உள்ள வெச்சிருவாங்க. அப்ப யாரு நிப்பாங்க?"

அவள் களிம்புக் கையைத் துடைத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

பரீட்சை நேரம், இந்த வாரம் கூட்டம் அவ்வளவாக இருக்காது, ஒரு வாரமாவது கால் புண்ணை ஆறவிடு என்று பாப்பம்மா போனில் சொன்னாள். பெரியதம்பி மூன்றேகாலுக்கே பைக்கை எடுத்தான்.